இருபத்தைந்து அங்குலம்

என் நாற்காலியின் அகலம்
இருபத்தைந்து அங்குலம்.
இதைத் தெரிந்துகொள்ளாமல்
யாரும் எனக்கு ஊர் சுற்றிக்காட்ட வராதீர்கள்.

கைப்பையில் தையல்காரர் டேப் இருக்கிறது.
நேற்று கொடைக்கானலில் அளந்தேன்.
படகுத்துறை, ஏழு படி.
அருங்காட்சியக அறையின் கதவு, இருபத்துநான்கு.
ஒரே ஓர் அங்குலத்துக்கு அந்தப் பக்கம்
பாடம் செய்து நிறுத்திய காட்டுமாடு
கண்ணாடிக் கண்ணால் என்னைப் பார்த்தது.
விடுதியில் சாய்தளம் உண்டு என்றார்கள்.
உண்டுதான்.
ஏறி முடிகிற இடத்தில் ஒரு படி வைத்திருந்தார்கள்,
திருஷ்டிப் பொட்டு மாதிரி.

"தூக்கிட்டுப் போயிரலாம்க்கா."
எல்லா ஊரிலும் இதைச் சொல்கிறார்கள்,
நல்ல மனசோடுதான்.
நாலு பேர் நாலு பக்கம் பிடிக்க
புறப்பாட்டு அம்மனாய்ப் போயிருக்கிறேன்.
மாலை மட்டும்தான் இல்லை.
அம்மனுக்குக் கூச்சமாக இருக்குமா என்று
அப்போது யோசித்தேன்.
யாரோ ஒருவரின் வியர்வை என் தோளில்.
"பாத்து, பாத்து" என்று ஊரே சொல்ல
பார்க்க வந்ததை மட்டும் பார்க்காமல் இறங்கினேன்.

இன்று தாண்டிக்குடி.
கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும்
நாற்காலி டிக்கியில் இடிபட,
"ஸாரி" என்றபடி ஓட்டினார் இருதயராஜ்,
என்னிடமா அதனிடமா தெரியவில்லை.
மேலே முருகன் கோயில்.
படிகளை எண்ணவில்லை, கீழிருந்தே கும்பிட்டேன்.
பழநியில் விஞ்ச் வைத்துக்கொண்டவருக்கு
என் நிலைமை புரியும்.

கல்திட்டைகள் காப்பித் தோட்டத்துக்குள்.
சாலையிலிருந்து நூற்றிருபது அடி.
முதல் எண்பது செம்மண், உருளலாம்.
பிறகு ஐப்பசி மழை அறுத்துப்போட்ட ஒரு பள்ளம்,
இரண்டு முழம்.
நின்றோம்.
இருதயராஜ் கையை விரித்துக் குனிந்தார்.
"வேண்டாம்."
"எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல மேடம்."
"எனக்கு."

சவுக்கு மரத்தில் சாய்த்த மூங்கில் ஏணியில்
மிளகு பறித்துக்கொண்டிருந்த பெண்
திரும்பாமலே கேட்டாள்:
"எவ்வளவு அகலம் வேணும்?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல
எத்தனை வருஷமாகத் தயாராக இருக்கிறேன்!
"இருபத்தஞ்சு. வெளிச்சக்கரத்துக்கு வெளிச்சக்கரம்."

பேர் பொன்னழகி. இறங்கிப்போய்
காப்பிக் களத்து ஓரத்தில் அண்டக்கொடுத்திருந்த
இரண்டு பலகைகளை உருவிக்கொண்டு வந்தாள்.
போட்டாள். மிதித்துப் பார்த்தாள்.
ஒன்று தாளம் போட்டது, அடியில் சில்லு வைத்தாள்.
தள்ளிவிடவா என்று கேட்கவில்லை.
ஏணிக்குப் போய்விட்டாள்.

உருண்டேன்.

மூன்று பக்கம் கல், மேலே மூடுகல்.
முன்பலகையில் வட்டமாய் ஒரு துளை.
டேப்பை நீட்டினேன், பதினாறு.
எனக்குப் பத்தாது.
செத்தவர்கள் ஒல்லியாகிவிடுவார்கள் போலிருக்கிறது.
ஆனால் படி இல்லை.
எந்தப் பக்கத்திலும் இல்லை, சுற்றி வந்து பார்த்துவிட்டேன்.
மூடுகல்லின் விளிம்பு என் கைக்கு எட்டுகிறது:
பாசி, பனி ஈரம், அவசரமாய்ப் போகும் எறும்புகள்.
உள்ளே என்ன என்று பார்க்க
இருதயராஜ் இரண்டாக மடிந்து, இடுப்பைப் பிடித்து,
முழங்காலில் நின்றார்.
நான் உட்கார்ந்திருந்தேன்.
இருட்டு நேராக என் கண் மட்டத்தில் இருந்தது.
அவசரமில்லாமல் பார்த்தேன்.

குறிப்பேட்டில் எழுதியது:
கழிப்பறை, பேருந்து நிற்குமிடத்தில். பூட்டு.
சாவி டீக்கடையில்.
டீக்கடைக்கு மூன்று படி.

பள்ளத்தைத் தாண்டித் திரும்பியதும் சொன்னேன்,
பலகை இங்கேயே கிடக்கட்டுமே,
அடுத்து வருகிறவர்களுக்கு.
பொன்னழகி களத்தைப் பார்த்தாள்.
"நாளைக்குக் காப்பி பரப்பணும்...
ஒண்ண விட்டுட்டுப் போறேன்."

வாகனம் கிளம்பிய பிறகு
குறிப்பேட்டைத் திறந்து சேர்த்தேன்:
பள்ளம், ஒரு சக்கரத்துக்கு வழி உண்டு.